முதலில் அவரிடம் போய்க் கேள்: யோம் கிப்பூர் என்னும் நாள்

ராவ் என்று ஒரு யூத அறிஞர் இருந்தார். மூன்றாம் நூற்றாண்டில் பாபிலோனின் சூரா என்ற ஊரில் பெரிய கல்விச்சாலை ஒன்றைத் தொடங்கியவர். அதற்கு முன்பு, மாணவராக இருந்த காலத்தில், ஒருநாள் தன் ஆசிரியரின் முன்னால் வேதப் பகுதியைப் படித்துக்கொண்டிருந்தார். நடுவில் பெரியவர் ஒருவர் உள்ளே வந்தார். அவருக்காக ராவ் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். இன்னொருவர் வந்தார், மறுபடி முதலிலிருந்து. மூன்றாமவருக்கும் அப்படியே. நான்காவதாக ஹனினா என்பவர் நுழைந்தபோது ராவுக்கு அலுத்துவிட்டது. “இன்னும் எத்தனை தடவைதான் திரும்பப் போவது?” என்று விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்துவிட்டார்.

ஹனினாவுக்குச் சுருக்கென்று தைத்தது. ராவுக்கும் அது தெரிந்தது. அந்த வருடம், யூதர்களின் பாவநிவர்த்தி நாளான யோம் கிப்பூருக்கு முந்தின நாள், ஹனினாவைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டார். கிடைக்கவில்லை. அடுத்த வருடமும் போனார். அதற்கடுத்த வருடமும். பதின்மூன்று வருடம் போனார். கடைசிவரை ஹனினா மனமிரங்கவில்லை.

யூத அறிஞர்களின் சட்ட விவாதங்களும் கதைகளும் அடங்கிய பழைய தொகுப்பான தல்மூத் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு அப்படியே நகர்ந்துவிடுவதில்லை. ஹனினா போன்ற ஒரு பெரியவர் இப்படி நடந்துகொள்ளலாமா என்று கேட்கிறது. பிறகு ஒரு பதிலும் தருகிறது: ராவ் ஒரு பேரீச்சை மரத்தில் தொங்குவதுபோல் ஹனினா கனவு கண்டாராம். அப்படிக் கனவில் வந்தவர் தலைமைப் பதவிக்கு வருவார் என்பது நம்பிக்கை. தன் இடத்துக்கு ராவ் வரப்போகிறாரோ என்ற எண்ணத்தில், அவர் வேறெங்காவது போய்க் கற்பிக்கட்டும் என்று ஹனினா மன்னிப்பைப் பிடித்துவைத்துக்கொண்டார். ராவ் பாபிலோன் போனார். யூத வரலாற்றின் பெரிய கல்விமரபு ஒன்று, தல்மூத்தின் கணக்குப்படி, கொடுக்கப்படாத ஒரு மன்னிப்பிலிருந்து கிளம்பியது.

யோம் கிப்பூரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தக் கதைதான். நம்மில் பெரும்பாலோருக்கு அந்தப் பெயர் 1973 போரின் வழியாகவே அறிமுகம். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள், யூதர்கள் நாள் முழுக்கப் பட்டினி கிடக்கும் விரதம் என்பார்கள். இரண்டும் சரியே. ஆனால் அந்த நாளின் கனம் விரதம் தொடங்குவதற்கு முன்பே, யாருக்குத் தீங்கு செய்தோமோ அவர் முன்னால் போய் நிற்கும் நேரத்தில் இருக்கிறது. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூதச் சட்டநூல் இதைச் சட்டமாகவே எழுதிவைத்திருக்கிறது: மனிதனுக்கும் கடவுளுக்கும் இடையே நடந்த பாவங்களுக்கு யோம் கிப்பூர் நிவர்த்தி தரும், மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையே நடந்தவற்றுக்கு, பாதிக்கப்பட்டவரைச் சமாதானப்படுத்தும்வரை, அது நிவர்த்தி தராது.

இருபத்தைந்து மணிநேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்தாலும், பக்கத்து வீட்டுக்காரருக்குத் தர வேண்டிய பாக்கி பாக்கிதான். அந்தக் கணக்கில் கடவுள் தலையிட மாட்டார்.

யூத நாள்காட்டியில் டிஷ்ரி மாதம் பத்தாம் நாள் யோம் கிப்பூர். மாதங்கள் சந்திரனைப் பின்பற்றினாலும், அவ்வப்போது ஓர் அதிக மாதம் சேர்த்துச் சூரிய ஆண்டோடு பொருத்திக்கொள்வதால், நாள் எப்போதும் செப்டம்பர், அக்டோபரில்தான் வரும். 2026-ல் செப்டம்பர் 20 மாலை தொடங்கி 21 இரவு முடிகிறது. வெள்ளிக்கிழமையோ ஞாயிற்றுக்கிழமையோ அது வரவே வராது. வராதபடி நாள்காட்டியைக் கணித்துவைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை ஓய்வுநாளில் சமைக்கக்கூடாது, இறந்தவரை அடக்கம் செய்யக்கூடாது. யோம் கிப்பூரும் அதை ஒட்டி வந்தால் இரண்டு நாள் தொடர்ச்சியாகப் பிணம் காத்துக்கிடக்கும்.

தமிழ் விவிலியம் படித்தவர்களுக்கு இந்த நாள் வேறொரு பெயரில் தெரிந்திருக்கும்: லேவியராகமத்தின் ‘பாவநிவிர்த்தி செய்யும் நாள்’. ‘உங்கள் ஆத்துமாக்களைத் தாழ்மைப்படுத்துங்கள்’ என்ற கட்டளைதான் விரதமாகப் புரிந்துகொள்ளப்பட்டது. புதிய ஏற்பாட்டில், அப்போஸ்தலர் நடபடிகளில், உபவாசநாள் கழிந்துவிட்டதால் இனிக் கப்பலில் போவது ஆபத்து என்று பவுல் எச்சரிக்கிறாரே, அந்த உபவாசநாளும் இதுதான். மத்தியதரைக் கடலில் குளிர்காலப் புயல்கள் தொடங்கும் பருவத்துக்கு அது ஓர் அடையாளமாக இருந்திருக்கிறது. தமிழ் முஸ்லிம்கள் முஹர்ரம் பத்தில் வைக்கும் ஆஷூரா நோன்புக்கும் இந்தப் பத்தாம் நாளுக்கும் உறவு உண்டு என்று கருதும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள்.

எருசலேமில் ஆலயம் இருந்தவரை இந்த நாள் ஒரே ஒரு மனிதரின் தோளில் நின்றது. பிரதான ஆசாரியர் ஏழு நாளுக்கு முன்பே வீட்டைவிட்டு வந்து ஆலயத்திலுள்ள ஓர் அறையில் தங்குவார். கடைசி இரவு அவர் தூங்கக்கூடாது. கண் செருகினால் இளம் ஆசாரியர்கள் காதருகே விரலைச் சொடுக்கி எழுப்புவார்கள். எழுந்து குளிர்ந்த தரையில் நில்லுங்கள் என்பார்கள். மறுநாள் ஐந்து முறை முழுக்கு, பத்து முறை கைகால் கழுவல், பொன்னாடையிலிருந்து வெள்ளைச் சணல்நூல் ஆடைக்கும் மறுபடி பொன்னாடைக்கும் மாற்றம். ஆலயத்தின் உள்ளறையான மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் ஆண்டில் ஒரு மனிதர், அந்த ஒருநாள் மட்டும், நுழையலாம்.

அன்று இரண்டு வெள்ளாட்டுக் கடாக்கள் நிறுத்தப்படும். சீட்டுப் போட்டு ஒன்று கடவுளுக்கு என்று பலியிடப்படும். மற்றதன் தலையில் ஆசாரியர் கைவைத்து மக்களின் பாவங்களை அறிக்கையிட்டு, அதை வனாந்தரத்துக்கு அனுப்புவார். தமிழ் விவிலியத்தை மொழிபெயர்த்தவர்கள் இதற்குப் ‘போக்காடு’ என்று ஒரு சொல்லை ஆக்கினார்கள். போக விடப்படும் ஆடு. எத்தனை அழகான சொல்! இன்று அரசியல் மேடையில் யாரோ ஒருவர் தலையில் பழி விழுந்தால் ‘பலிகடா ஆக்கிவிட்டார்கள்’ என்கிறோம். மூலத்தில் பலியான கடா வேறு, பழியைச் சுமந்து போன கடா வேறு.

அந்த ஆட்டை ஓட்டிப் போகிறவரைப் பற்றி மிஷ்னாவில் ஒரு விவரம் உண்டு. எருசலேமிலிருந்து மலைமுகடுவரை வழியில் பத்துக் குடில்கள். ஒவ்வொரு குடிலிலும் அவரிடம், “இதோ சாப்பாடு, இதோ தண்ணீர்” என்பார்கள். ஊரே விரதம் இருக்கும் நாளில்! வெயிலில் பாலைவனத்தில் நடக்கும் மனிதர் மயங்கி விழுந்துவிடக்கூடாது. ஒருவர்கூட அதைச் சாப்பிட்டதில்லை என்கிறது தல்மூத். பின்னே எதற்கு? கூடையில் ரொட்டி இருக்கிறவனும் இல்லாதவனும் ஒன்றல்ல என்று பதில் சொல்கிறது. கிடைக்கும் என்று தெரிந்தாலே பசியைத் தாங்கிவிடலாம். இப்படி எழுதியவர்கள் பசியை அறிந்தவர்கள்.

கி.பி. 70-ல் ரோமானியர்கள் ஆலயத்தை இடித்தார்கள். பலிபீடம் போயிற்று, ஆசாரியர் போனார், போக்காடும் போயிற்று. இடிபாடுகளைப் பார்த்து ரபி (யூத மதகுரு) யெகோஷுவா, நம் பாவங்களுக்கு நிவர்த்தி கிடைத்த இடம் இப்படிக் கிடக்கிறதே என்று அழ, அவருடைய குரு யோகனான் பென் சக்காய், வருத்தப்படாதே மகனே, அதற்கு நிகரான இன்னொரு நிவர்த்தி நம்மிடம் இருக்கிறது, அது பிறருக்குச் செய்யும் அன்புச் செயல் என்று தேற்றியதாக மரபு சொல்கிறது. பலியை விட இரக்கத்தையே விரும்புகிறேன் என்ற ஓசியா தீர்க்கதரிசியின் வாக்கை ஆதாரமாகக் காட்டினாராம். ஒருவர் எல்லோருக்காகவும் செய்த சடங்கு முடிந்துபோனது. அவரவர் பாவத்தை அவரவரே எடுத்துச் சொல்ல வேண்டிய காலம் வந்தது. இன்றைய யோம் கிப்பூர் அங்கிருந்து பிறந்தது.

எபிரேயத்தில் இதற்கு ‘தெஷுவா’ என்று பெயர். திரும்புதல் என்பதே நேர்ப்பொருள். தமிழ்க் கிறிஸ்தவர்கள் சொல்லும் ‘மனந்திரும்புதல்’ அதைக் கச்சிதமாகப் பிடித்துவிடுகிறது. இதற்கான சட்டங்களை ஒழுங்குபடுத்தி எழுதியவர் பன்னிரண்டாம் நூற்றாண்டு மைமோனிடீஸ். எகிப்தில் வைத்தியராக இருந்தவர். செய்ததை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், வருந்த வேண்டும், இனிச் செய்யமாட்டேன் என்று மனதுக்குள் முடிவெடுக்க வேண்டும். முழுமையான திரும்புதல் எது என்பதற்கு அவர் வைத்த சோதனை கடுமையானது: அதே பாவத்தைச் செய்ய அதே வாய்ப்பு மறுபடி வருகிறது, செய்ய உடம்பில் தெம்பும் இருக்கிறது, பயத்தினாலோ இயலாமையினாலோ அல்லாமல் மனம் மாறியதால் ஒருவன் விலகி நிற்கிறான் என்றால், அவன் திரும்பியவன்.

சக மனிதருக்குச் செய்த தீங்கென்றால் அவர் இன்னும் கறார். திருடியிருந்தால் பொருளைத் திருப்பிக் கொடு. கொடுத்தாலும் போதாது, அவரைச் சமாதானப்படுத்து. அவர் மறுத்தால் நண்பர்கள் மூன்று பேரை அழைத்துக்கொண்டு போய்க் கேள். இரண்டாம் முறை, மூன்றாம் முறை. அதற்கும் மசியவில்லை என்றால் விட்டுவிடலாம். இனி அவர்தான் பாவி. தீங்கு இழைக்கப்பட்டவர் உன் ஆசிரியர் என்றால் மட்டும் ஆயிரம் முறையானாலும் போ. ஒருவேளை அவர் இறந்துவிட்டார் என்றால்? பத்துப் பேரை அழைத்துக்கொண்டு கல்லறைக்குப் போய், இந்த மனிதருக்கு இன்னது செய்தேன் என்று அவர்கள் முன்னிலையில் சொல். பணம் கடன்பட்டிருந்தால் வாரிசிடம் கொடு.

எனவே விரதத்துக்கு முந்தைய நாட்கள் யூத வீடுகளில் சங்கடமான நாட்கள். கணவன் மனைவியிடம், அண்ணன் தம்பியிடம், முதலாளி வேலையாளிடம் கேட்டாக வேண்டும். இப்போது வாட்ஸப் வந்துவிட்டது. ‘தெரிந்தோ தெரியாமலோ மனம் புண்பட நடந்திருந்தால் மன்னிக்கவும்’ என்று ஒரே செய்தியை எல்லாருக்கும் அனுப்பிவிடுகிறவர்கள் உண்டு. அதனால் பயனில்லை என்று ரபிகள் கண்டிக்கிறார்கள். அவர்கள் சொல்வதுதான் எனக்கும் சரியாகப் படுகிறது. இருநூறு பேரிடம் மன்னிப்புக் கேட்பது சுலபம். நிஜமாகவே யாரை நோகடித்தோமோ அந்த ஒரு எண்ணை அழைக்கத்தான் கை நடுங்கும்.

ஒருவரைப் பற்றி அவர் முதுகுக்குப் பின்னால் புறம் பேசினோம். அவருக்கு அது தெரியாது. போய்ச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டுமா? ஹஃபெட்ஸ் ஹயீம் என்று அறியப்பட்ட இஸ்ரேல் மேயர் ககான் 19-ம் நூற்றாண்டில் நாவடக்கத்துக்கென்றே சட்டநூல் எழுதியவர். சொல்லித்தான் ஆக வேண்டும் என்பது அவர் கருத்து. லித்துவேனியாவின் இஸ்ரேல் சாலாண்டர் இதை ஏற்கவில்லை என்று சொல்லப்படுகிறது. உன் மனப்பாரத்தை இறக்கிவைக்க, நிம்மதியாக இருந்த மனிதரை ஏன் புண்படுத்துகிறாய் என்பது அவர் பக்கத்து நியாயம். இரண்டில் எது சரி என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. இப்படி ஒரு விவாதம் நடந்திருக்கிறது என்பதே எனக்குப் பெரிய விஷயமாகத் தோன்றுகிறது.

மன்னிக்க வேண்டியவருக்கும் கடமை உண்டு. ரபி ஸெய்ரா என்பவர், தன்னை யாராவது புண்படுத்தியிருந்தால், அந்த ஆளின் கண்ணில் படும்படி இங்குமங்கும் நடந்துகொண்டிருப்பாராம். எதிராளிக்குத் தயக்கம் இருக்கலாம். வாய்ப்பை நாமே உண்டாக்கிக் கொடுப்போம் என்று. ஆனால் அதே தல்மூத்தில், அதற்கு அடுத்தாற்போலவே, மறுபக்கமும் வைக்கப்பட்டிருக்கிறது. கசாப்புக்காரர் ஒருவர் ராவிடம் தவறாக நடந்துகொண்டார். யோம் கிப்பூருக்கு முந்தின நாள் ஆகிவிட்டது, மன்னிப்புக் கேட்க ஆள் வரவில்லை. நானே போய்ச் சமாதானம் செய்கிறேன் என்று ராவ் கிளம்பினார். வழியில் பார்த்த சீடர் ஹூனா, எங்கே போகிறீர்கள் என்று விசாரித்துவிட்டு, “குரு ஓர் ஆளைக் கொல்லப் போகிறார்” என்றார். ராவ் கடைக்குப் போய் நின்றார். கசாப்புக்காரர் ஆட்டுத்தலை ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, “நீயா? போ, உன்னோடு எனக்கு ஒன்றுமில்லை” என்றார். மறுபடி வெட்ட, எலும்பு ஒன்று தெறித்து அவர் கழுத்தில் பாய்ந்து, செத்தார். மன்னிப்பைக் கொடுக்கப் போகிறவருக்கும் எதிராளி தயாராக இருக்கிறாரா என்ற கவனம் வேண்டும் என்று இதை வாசிப்பவர்கள் உண்டு. ராவ் போனதில் தவறென்ன என்று கேட்பவர்களும் உண்டு. ஹூனாவின் சொல் மட்டும் முள்ளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது.

முந்தின நாள் நன்றாகச் சாப்பிட வேண்டும் என்பதும் விதி. பொழுது சாய்வதற்குள் கடைசிச் சாப்பாடு முடிந்துவிடும். பிள்ளைகளின் தலையில் கைவைத்துப் பெற்றோர் ஆசீர்வதிப்பார்கள். இறந்தவர்களுக்காக ஒரு நாள் முழுக்க எரியும் மெழுகுவத்தியை ஏற்றிவைப்பார்கள். வெள்ளை உடுத்துவது வழக்கம். கிழக்கு ஐரோப்பிய மரபில் பலர் அணியும் ‘கிட்டல்’ என்ற வெள்ளை அங்கி, இறந்த பின் உடம்பில் போர்த்தப்படப்போவதும் அதுதான். தோல் செருப்பு, தோல் ஷூ கூடாது. உயர்ந்த கோட்டு சூட்டு போட்டவர்கள் கான்வாஸ் ஷூவோடு தொழுகைக்கூடத்துக்கு நடந்து போவதை நியூயார்க்கிலும் லண்டனிலும் அன்று பார்க்கலாம். உண்ணல் பருகல், குளியல், எண்ணெய் அல்லது வாசனை பூசுதல், தோல் காலணி, தாம்பத்தியம் என ஐந்தும் விலக்கு.

அந்த மாலை வழிபாடு ‘கோல் நித்ரே’யோடு தொடங்குகிறது. கேட்டவர்கள் மறக்காத மெட்டு. மாக்ஸ் புரூக் என்ற ஜெர்மானிய இசையமைப்பாளர், யூதர் அல்லாதவர், 1880-ல் செல்லோ என்ற தந்தி வாத்தியத்துக்காக அதை எடுத்தாண்டார். மெட்டு உருக்கினாலும், வரிகள் அச்சு அசல் சட்டப் பத்திரம். எபிரேயம்கூட இல்லை, அரமேயம். நாங்கள் செய்த, செய்யப்போகும் நேர்த்திக்கடன்களும் ஆணைகளும் செல்லாதவை ஆகட்டும் என்று மூன்று முறை ஓதப்படுகிறது. ஒன்பதாம் நூற்றாண்டிலேயே பாபிலோனின் தலைமை அறிஞர் அம்ராம் காவோன் இதை அசட்டு வழக்கம் என்று சாடினார். 1240-ல் பாரிஸில் தல்மூத்தின் மீது நடந்த விசாரணையில், யூதர் சத்தியத்தை நம்ப முடியாது என்பதற்கு இதையே சாட்சியாக நீட்டினார்கள். ஐரோப்பிய நீதிமன்றங்களில் யூதர்களுக்கென்று தனியாக, அவமானப்படுத்தும் சத்தியப்பிரமாணம் வைத்திருந்தார்கள். உண்மையில் இந்தப் பிரகடனம் மனிதன் தனக்கும் கடவுளுக்கும் இடையில் செய்துகொண்ட ஆணைகளைப் பற்றியது மட்டுமே. இன்னொருவருக்குக் கொடுத்த வாக்கை அது தொடாது. மறுபடியும் அதே எல்லைக்கோடு.

ஓதுவதற்குச் சற்று முன்னால் ஓர் அறிவிப்பு உண்டு: விண்ணின் சபையும் மண்ணின் சபையும் அனுமதிக்க, பாவம் செய்தவர்களோடு சேர்ந்து வேண்டிக்கொள்ள இசைகிறோம். ஊரில் யாரையெல்லாம் ஒதுக்கி வைத்தார்களோ அவர்களுக்கும் அன்று இடம் உண்டு.

மறுநாள் முழுக்கத் தொழுகைக்கூடத்தில்தான். பாவ அறிக்கை அகரவரிசையில் அமைந்தது. அகரவரிசையில் நீதி சொல்லிக் கொடுப்பது நமக்குப் பழக்கம். இங்கே எபிரேய எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு குற்றம். குற்றம் செய்தோம், துரோகம் செய்தோம், கொள்ளையடித்தோம், அவதூறு பேசினோம் என்று போகும். ஒவ்வொரு சொல்லுக்கும் வலக்கையை மடக்கி நெஞ்சில் மெல்லத் தட்டுவார்கள். ஒரு கூடம் நிறைய ஆட்கள் ஒன்றாகத் தட்டும்போது எழும் அந்த மங்கிய ஒலியைக் கற்பனை செய்துபாருங்கள். எல்லாம் ‘செய்தோம்’. ‘செய்தேன்’ இல்லை. திருடாதவரும் திருடினோம் என்கிறார். திருடியவர் பக்கத்தில் நின்று சொல்லட்டும், தனியாக மாட்டிக்கொள்ள வேண்டாம் என்ற கருணை அதில் இருக்கிறது. நீளமான இரண்டாவது பட்டியலில் 44 வரிகள். கொலை, கொள்ளையைத் தேடினால் ஏமாற்றமே. வாயால் செய்த பாவம், கோள் சொன்ன பாவம், கர்வப் பார்வை, கொடுக்கல் வாங்கலில் செய்த பாவம், வட்டி வாங்கிய பாவம், காரணமில்லாத வெறுப்பு, நெஞ்சை இறுக்கிக்கொண்டதால் செய்த பாவம். நம் வீட்டுக் கூடத்திலும் அலுவலகத்திலும் தினமும் நடப்பவை.

காலையில் ஏசாயா தீர்க்கதரிசியின் பகுதி ஒன்றை வாசிக்கிறார்கள். வயிறு காயத் தொடங்கியிருக்கும் மக்களைப் பார்த்து, நாணலைப்போல் தலைகுனிந்து இரட்டுத் துணியில் படுத்துக்கிடப்பதா நான் விரும்பிய உபவாசம் என்று அது கேட்கிறது. அக்கிரமத்தின் கட்டுகளை அவிழ்ப்பதும், பசித்தவனோடு உன் அப்பத்தைப் பகிர்வதும், உடையில்லாதவனுக்கு உடுத்துவதும் அல்லவா உபவாசம்? விரத நாளிலேயே விரதத்தைக் கேள்வி கேட்கும் வாசகத்தைத் தேர்ந்தெடுத்த துணிவை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. அண்மை ஆண்டுகளில் காசாவில் நடந்ததை முன்வைத்து இதே வாசகத்தைத் தம் மக்களிடம் கேட்ட ரபிகள் இருக்கிறார்கள். அதைக் கேட்க விரும்பாத சபைகளும் இருக்கின்றன.

நோயாளிகள் சாப்பிட வேண்டும். ‘சாப்பிடலாம்’ என்ற சலுகை இல்லை இது. உயிருக்கு ஆபத்தென்றால் உண்பதே சட்டம். வைத்தியர்கள் வேண்டாம் என்று சொல்லி, நோயாளி எனக்கு வேண்டும் என்றால், நோயாளியின் பேச்சே எடுபடும். தன் கசப்பை இதயமே அறியும் என்ற நீதிமொழியைக் காரணம் காட்டுகிறார்கள். 1848-ல் வில்னா நகரில் காலரா பரவியபோது, முன்பு சொன்ன சாலாண்டர், இந்த யோம் கிப்பூருக்கு யாரும் பட்டினி கிடக்க வேண்டாம் என்றார். அவரே சபை முன்னால் மேடையேறிச் சாப்பிட்டுக் காட்டினார் என்றும் ஒரு கதை உலவுகிறது. பார்த்தவர்கள் கதிகலங்கியிருப்பார்கள்.

இந்த நாளை ஒளித்து வைத்தவர்கள் வரலாறு தனி. 15-ம் நூற்றாண்டு ஸ்பெயினில் கட்டாயத்தால் கிறிஸ்தவர்களானவர்கள் இரகசியமாக இதைக் கடைப்பிடித்தார்கள். அவர்களைப் பிடிக்க மத விசாரணைமன்றம் ஊர் ஊராக அடையாளப் பட்டியல் வாசித்தது. ‘ஆயுனோ மாயோர்’, அதாவது பெரிய விரதம் இருப்பவர், அன்று வெறுங்காலோடு நடப்பவர், சிலுவை அடையாளம் போடாமல் பிள்ளைகள் தலையில் கைவைத்து ஆசீர்வதிப்பவர், ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொள்பவர் எவரையாவது கண்டால் தெரிவிக்க வேண்டும். மன்னிப்புக் கேட்பதே ஒருவரைச் சிறைக்கு அனுப்பப் போதுமானதாக இருந்த காலம் அது.

இந்தியாவிலும் ஓர் ஒளிந்த மூலை இருந்தது. மகாராஷ்டிரத்தின் கொங்கணக் கரையில், செக்கு ஆட்டிப் பிழைத்த பெனே இஸ்ரேல் சமூகம். சனிக்கிழமை வேலை செய்யாததால் ஊரார் அவர்களைச் ‘சனிவார் தேலி’, சனிக்கிழமை வாணியர் என்றார்கள். நூற்றாண்டுகளாக மற்ற யூதர்களோடு தொடர்பற்றுப் போய், எபிரேயம் மறந்து, மராத்தி பேசி வாழ்ந்தவர்கள். ஆனாலும் ஆண்டில் ஒருநாள் வெள்ளை உடுத்து, பட்டினியாக, வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள். யோம் கிப்பூர் என்ற பெயர் தெரியாது. கதவடைக்கும் பண்டிகை என்ற பொருளில் மராத்தியில் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். மறுநாள் ஏழைகளுக்குக் கொடுப்பதும் உறவினர் வீடுகளுக்குப் போவதும் வழக்கம். புத்தகம் தொலைந்த பிறகும் கதவு மட்டும் தவறாமல் மூடியிருக்கிறது.

இஸ்ரேலில் அன்று சாலையில் கார் ஓடாது. ஓட்டக்கூடாது என்று சட்டம் இல்லை, ஓட்டுவதில்லை, அவ்வளவுதான். ஆம்புலன்ஸ் போகும். விமான நிலையம் மூடிக்கிடக்கும், வானொலியும் தொலைக்காட்சியும் ஓய்ந்திருக்கும். நெடுஞ்சாலைகளில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுவார்கள். மதநம்பிக்கை இல்லாத பலருக்கு யோம் கிப்பூர் என்றால் அந்த அமைதியே. 1973 அக்டோபர் 6, பிற்பகல் இரண்டு மணியளவில் அந்த அமைதிக்குள்தான் சைரன் அலறியது. எகிப்தும் சிரியாவும் ஒரே நேரத்தில் தாக்கின. அந்தப் பக்கம் ரமலான் மாதம். வானொலி திடீரென்று உயிர்பெற்றுச் சங்கேதச் சொற்களால் படைப்பிரிவுகளை அழைத்தது. தொழுகைக்கூடங்களில் பெயர் சொல்லி இளைஞர்களை வெளியே கூப்பிட்டார்கள். இஸ்ரேல் தரப்பில் மட்டும் 2,500-க்கும் மேற்பட்ட வீரர்கள் இறந்தார்கள். எதிர்த்தரப்பு இழப்பு அதைவிடப் பல மடங்கு. எச்சரிக்கைகளை ஏன் கவனிக்கவில்லை என்று ஆராய்ந்த அக்ரனாத் குழுவின் இடைக்கால அறிக்கை 1974 ஏப்ரலில் வந்தது. அதே மாதம் பிரதமர் கோல்டா மேயர் பதவி விலகினார்.

செத்தவர்கள் சார்பாக யார் மன்னிக்க முடியும்? இந்த நாளின் சட்டத்தை அறிந்தவர்களுக்கு இது புதிய கேள்வி இல்லை. நாஜி முகாமில் கைதியாக இருந்த சைமன் வைசென்தாலை, சாகக் கிடந்த, ஹிட்லரின் எஸ்எஸ் படையைச் சேர்ந்த ஒரு சிப்பாயின் படுக்கையருகே அழைத்துப்போனார்கள். யூதர்களை ஒரு வீட்டில் அடைத்துத் தீவைத்ததைச் சொல்லி, ஒரு யூதன் வாயால் மன்னிப்பு வேண்டும் என்றான் அவன். வைசென்தால் எதுவும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டார். செய்தது சரியா என்று பிற்பாடு வாழ்நாளெல்லாம் பலரிடம் கேட்டார். எரிந்துபோனவர்கள்தான் மன்னிக்க உரிமை உள்ளவர்கள், வேறு யாரும் அவர்கள் இடத்தில் நிற்க முடியாது என்று யூத அறிஞர்கள் பலர் சொன்னார்கள். கல்லறைக்குப் பத்துப் பேரை அழைத்துப் போகச் சொன்ன மைமோனிடீஸ்கூட, அங்கே மன்னிப்புக் கிடைக்கும் என்று எழுதவில்லை. அறிக்கையிடு என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

பொழுது சாயும்போது ‘நெய்லா’ தொடங்கும். கதவை மூடுதல் என்று பொருள். வேதமான தோராவின் சுருள்கள் இருக்கும் பேழை திறந்தே இருக்கும். முடிந்தவர்கள் எல்லாரும் கடைசிவரை நின்றுகொண்டிருப்பார்கள். உதடு காய்ந்து, தலைவலித்து, குரல் கம்மியிருக்கும். அதுவரை ‘எங்களை வாழ்வின் புத்தகத்தில் எழுதும்’ என்று வேண்டியவர்கள் இப்போது ‘முத்திரையிடும்’ என்று சொல்லை மாற்றுவார்கள். ‘கேள் இஸ்ரவேலே’ ஒரு முறை. கர்த்தரே தெய்வம் என்று ஏழு முறை. பிறகு ஆட்டுக்கடாவின் கொம்பால் செய்த ஷோஃபாரை மூச்சு உள்ளவரை ஒரே நீட்டாக ஊதுவார்கள். முடிந்தது.

தண்ணீரைத் தேடி உடனே ஓடுவதில்லை. வழக்கமான இரவுத் தொழுகை ஒன்று பாக்கி இருக்கிறது. வருடத்தின் எல்லா இரவுகளையும் போன்ற சாதாரணத் தொழுகை. அதில் ஆறாவது வேண்டுதல், ‘எங்களை மன்னியும் தகப்பனே, பாவம் செய்துவிட்டோம்’. நாள் முழுக்க அறிக்கையிட்டு, கதவும் மூடி, சில நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்த வரி வந்ததும் கை தானாக மடங்கி நெஞ்சில் தட்டுகிறது. அதை முடித்துக்கொண்டு வெளியே வருகிறார்கள். சிலர் வீட்டுக்குப் போய், ஐந்தாம் நாள் தொடங்கும் கூடாரப் பண்டிகைக்கான பந்தலுக்கு அன்றிரவே முதல் முளையை அடித்துவிட்டுத்தான் படுக்கிறார்கள்.